ஆபீஸில் பிரார்த்தனை: வர மறுத்தால் வேலை போகுமா? நம்பிக்கை சார்ந்த நிறுவனங்களின் உள்ளே ஊழியர்கள் என்ன அனுபவிக்கிறார்கள்?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்ற ஊர். வீடுகளில் பழுது பார்ப்பது, கூரை மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்துதரும் ஒரு கம்பெனி அங்கே இருக்கிறது. பெயர் அரோரா. இங்கே தினமும் காலையில் ஒரு கூட்டம் நடக்கும். அன்றைக்கு யார் எந்த சைட்டுக்குப் போகணும், எந்தச் சாமான் வந்து சேரலை என்று பேசுகிற வழக்கமான மீட்டிங்தானே என்று நினைத்தால், அது மட்டும் இல்லை. பைபிள் வாசிப்பு, ஜெபம், 'யாருக்காவது பிரார்த்தனை வேண்டுமா?' என்று கேட்பது ஆகியவையும் சேர்ந்ததுதான் அந்தக் கூட்டம்.

இதில் ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் உறுத்தும். வேலையில் சுணக்கமாக இருப்பவர்களின் பெயரைச் சொல்லி, அவர்களுக்காக எல்லோர் முன்னிலையிலும் ஜெபித்தார்களாம். நீதிமன்றத்தில் தாக்கலான புகாரில் இது இருக்கிறது. மேனேஜர் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினால்கூட இரண்டு நாளில் மறந்துவிடும். சக ஊழியர்கள் கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்காக மன்றாடினால்? அந்த இடத்தில் என்ன முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது!

கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு ஊழியர், 'என்னை இதிலிருந்து விட்டுவிடுங்கள்' என்று கேட்டார். அவருடைய சம்பளம் குறைக்கப்பட்டது, பிறகு வேலையும் போனது. இன்னொருவர் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருந்த பெண். கடவுள் இருக்கிறாரா, இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிற ரகம். கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். அவருக்கும் வேலை போனது. அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம், சுருக்கமாக இ.இ.ஓ.சி., 2022-ல் கம்பெனி மீது வழக்கு போட்டது. 2023 ஜனவரியில் 50,000 டாலர் கொடுத்து கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

முதலாளிக்குப் பக்தி இருக்கலாம். கம்பெனி அவருடையது. சம்பளமும் அவர்தான் தருகிறார். அப்படியென்றால் காலை பத்து நிமிஷம் கண்ணை மூடி நிற்கச் சொல்வதில் என்ன தப்பு? பலரும் கேட்கும் கேள்வி இது. பதில் 'தப்பு' அல்லது 'சரி' என்று ஒற்றை வார்த்தையில் இல்லை.

*ஞாயிறு லீவு... அதுவும் நம்பிக்கையால்தான்!*

முதலில் மறுபக்கத்தைப் பார்த்துவிடலாம். நம்பிக்கை சார்ந்த நிறுவனம் என்றாலே ஊழியர்களுக்குக் கொடுமை என்று அர்த்தம் இல்லை. சொல்லப்போனால், சில வசதிகள் அந்த நம்பிக்கையால்தான் கிடைக்கின்றன.

சிக்-ஃபில்-ஏ என்ற சிக்கன் சாண்ட்விச் உணவகச் சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரூயட் கேத்தி என்பவர் 1946-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன உணவகமாகத் தொடங்கினார். அன்று முதல் இன்று வரை ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஹோட்டல் தொழிலில் ஞாயிறு வியாபாரத்தை விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே வேலை பார்க்கும் கல்லூரி மாணவருக்கு, அவர் எந்த மதமாக இருந்தாலும், வாரத்தில் ஒரு நாள் நிச்சயமாக லீவு. ஷிஃப்ட் மாறும், ரோஸ்டர் மாறும், ஞாயிறு மட்டும் மாறாது.

கைவினைப் பொருட்கள் விற்கும் ஹாபி லாபியிலும் ஞாயிறு லீவுதான். டேவிட் கிரீன் என்பவர் 1970-ல் 600 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்த தொழில் இது. 2022 ஜனவரி முதல் முழுநேர ஊழியர்களுக்கு மணிக்கு குறைந்தபட்சம் 18.50 டாலர் தருவதாக அறிவித்தது. அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர்தான், அதுவும் 2009-லிருந்து ஏறவே இல்லை. ஊழியர்களுக்கு நல்ல கூலி கொடுப்பதும் தங்கள் நம்பிக்கையின் ஒரு பகுதி என்கிறார்கள் உரிமையாளர்கள். காரணம் எதுவாக இருந்தால் என்ன, கூடுதல் பணம் கூடுதல் பணம்தானே!

இறைச்சி நிறுவனமான டைசன் ஃபுட்ஸ் இன்னொரு வழியில் போனது. 2000-ம் ஆண்டில் தன் ஆலைகளில் 'சாப்ளின்' எனப்படும் ஆன்மிக ஆலோசகர்களை வேலைக்கு வைத்தது. வீட்டில் சாவு, விவாகரத்து, குடிப்பழக்கம், கடன் தொல்லை என்று தவிக்கும் ஊழியர் அவர்களிடம் போய்ப் பேசலாம். எந்த மதத்தவரும் போகலாம். போகாமலும் இருக்கலாம். கோழி வெட்டும் பெல்ட்டில் எட்டு மணி நேரம் நிற்கிற ஒருவருக்கு, காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

இந்த 'போகாமலும் இருக்கலாம்' என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

*'பேப்பர் படி, தூங்கு... ஆனா வந்து உட்காரு!'*

இது தொடர்பாக இன்றும் வக்கீல்கள் மேற்கோள் காட்டும் ஒரு பழைய வழக்கு உண்டு. சுரங்கங்களுக்கான உபகரணங்கள் தயாரிக்கும் டவுன்லி என்ற கம்பெனி. தலைமையகம் ஃப்ளோரிடாவில், ஒரு ஆலை அரிசோனா மாநிலத்தின் ஈலாய் என்ற சிற்றூரில். கம்பெனியை நடத்திய தம்பதி, இந்தத் தொழிலைக் கடவுளுக்கு அர்ப்பணித்து நடத்துவதாக உறுதி எடுத்துக்கொண்டவர்கள். வெளியே போகும் தபால் ஒவ்வொன்றிலும் ஒரு கிறிஸ்தவத் துண்டுப் பிரசுரம் வைப்பார்கள். இன்வாய்ஸில் பைபிள் வசனம் அச்சிட்டிருக்கும்.

ஆலையில் வாரம் ஒருமுறை ஆராதனைக் கூட்டம் நடக்கும். பாட்டு, ஜெபம், சாட்சி சொல்வது, நடுவில் கொஞ்சம் தொழில் விஷயமும் பேசுவார்கள். வேலை நேரத்தில்தான் நடக்கும், அந்த நேரத்துக்குச் சம்பளமும் உண்டு. ஆனால் வராமல் இருக்கக் கூடாது. வேலைக்கு வராததும் ஆராதனைக்கு வராததும் ஒன்று என்று ஊழியர் கையேட்டிலேயே எழுதி, கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

அந்த ஆலையில் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவர் நாத்திகர். 'நான் வரலைங்க' என்றார். அதற்கு மேலதிகாரி சொன்ன பதில்தான் இந்த வழக்கையே மறக்க முடியாததாக்கியது. கூட்டத்துக்கு வந்தே ஆகணும். ஆனால் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், தூங்கக்கூட செய்யலாம்!

கேட்பதற்கு, பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். வழக்கு 1988-ல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. நம்பிக்கை இல்லாதவரைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. நாத்திகருக்கும் அதே சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதும் அதில் உறுதியானது. 'நாங்களே ஒரு மத நிறுவனம்தான்' என்ற கம்பெனியின் வாதம் எடுபடவில்லை. லாபத்துக்காக நடக்கும் தொழில், தயாரிப்பது சுரங்க உபகரணம். இன்வாய்ஸில் வசனம் இருப்பதால் மட்டும் அது தேவாலயம் ஆகிவிடாது.

ஆனால் இன்னொன்றையும் கவனிக்கணும். கீழ் நீதிமன்றம் அந்த ஆராதனைக் கூட்டத்தையே நிறுத்தச் சொல்லியிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கூட்டம் நடக்கலாம், விருப்பமுள்ளவர்கள் போகலாம், மறுப்பவர்களை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். முதலாளியின் பக்திக்கு இடம் இருந்தது. அதை ஊழியர்மீது சுமத்தத்தான் இடம் இல்லை.

*சட்டம் என்ன சொல்கிறது?*

1964-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தில் ஏழாவது தலைப்புதான் அமெரிக்காவில் இதற்கெல்லாம் அடிப்படை. 15 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும். மதத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்க, நீக்க, பதவி உயர்வைத் தடுக்கக் கூடாது. ஊழியரின் நம்பிக்கைக்கு நியாயமான அளவில் இடம் கொடுக்க வேண்டும் என்பது 1972-ல் சேர்க்கப்பட்டது.

'நியாயமான அளவு' என்றால் எவ்வளவு? பல வருஷங்களாக இதில் கம்பெனிகளின் கைதான் ஓங்கியிருந்தது. சின்னச் செலவு வந்தாலே 'முடியாது' என்று சொல்லித் தப்பிக்கலாம் என்ற நிலை. 2023-ல் இது மாறியது. ஞாயிற்றுக்கிழமை பார்சல் கொடுக்க மறுத்த ஒரு தபால்காரரின் வழக்கில், தொழிலுக்குக் கணிசமான கூடுதல் சுமை ஏற்பட்டால்தான் மறுக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. வழக்கு போட்டவர் ஆழ்ந்த கிறிஸ்தவர். ஆனால் அந்தத் தீர்ப்பின் பலன் முதலாளியின் ஜெபக் கூட்டத்துக்கு வர மறுக்கும் நாத்திகருக்கும் உண்டு. ஒருவரைக் கூட்டத்திலிருந்து விலக்கிவிட எந்தக் கம்பெனிக்கும் பெரிய செலவு ஆகாது இல்லையா?

உண்மையான மத அமைப்புகளுக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கிறது. 1987-ல் வந்த ஒரு வழக்கு இதை நன்றாகக் காட்டும். சால்ட் லேக் சிட்டியில் மார்மன் திருச்சபை நடத்திய ஒரு உடற்பயிற்சிக்கூடம். கட்டடப் பராமரிப்பு வேலையில் 16 வருஷம் இருந்தவர், திருச்சபை விதிகளின்படி தகுதிச் சான்று பெறவில்லை என்பதற்காக நீக்கப்பட்டார். உச்ச நீதிமன்றம் திருச்சபையின் பக்கம் நின்றது. ஏசியும் குழாயும் பார்ப்பவருக்கு மதத் தகுதி எதற்கு என்று நமக்குத் தோன்றும். ஆனால் லாப நோக்கமில்லாத மத அமைப்பு யாரை வேலைக்கு வைத்துக்கொள்வது என்பதில் அரசு தலையிடக் கூடாது என்பதே தீர்ப்பு. ஆகவே, ஆஃபர் லெட்டர் கொடுப்பது ஒரு கம்பெனியா, திருச்சபை சார்ந்த அமைப்பா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

*'இது மதமே இல்லைங்க, பாசிட்டிவ் எனர்ஜி!'*

ஜெபம், பைபிள் என்றால் மதம் என்று எளிதில் தெரிந்துவிடும். 'வெல்னஸ்', 'மைண்ட்ஃபுல்னெஸ்', 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்ற பெயரில் வந்தால்?

நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதியில் மருத்துவச் செலவுத் தள்ளுபடித் திட்டங்களைக் கையாளும் ஒரு நிறுவனம், யுனைடெட் ஹெல்த் புரோகிராம்ஸ் ஆஃப் அமெரிக்கா. ஆபீஸில் ஒற்றுமை குறைந்துவிட்டது என்று நினைத்த தலைமை, 2007 வாக்கில் 'ஆனியன்ஹெட்' என்ற ஒரு முறையைக் கொண்டுவந்தது. வெங்காயத்தைத் தோல் உரிப்பது மாதிரி உணர்ச்சிகளை உரித்து உரித்துப் பார்ப்பது என்பது இதன் தத்துவம். உருவாக்கியவர் வேறு யாரும் இல்லை, நிறுவனத் தலைவரின் உறவினர்தான். அவரே ஆபீஸுக்கு வந்து பயிற்சி கொடுப்பார்.

ஊழியர்கள் சொன்ன அனுபவங்கள்: கைகோத்து நின்று பிரார்த்தனை செய்யணும். மெழுகுவர்த்தி ஏற்றணும். ஒருவருக்கொருவர் 'ஐ லவ் யூ' சொல்லணும், மேலதிகாரிகளிடமும்தான். சொந்த வாழ்க்கை ரகசியங்களைப் பயிற்சியாளரிடம் கொட்டணும். எதிர்ப்புத் தெரிவித்த ஒரு பெண்ணைத் தனி அறையிலிருந்து தூக்கி, பொதுத் தளத்தில் போன் எடுக்க உட்கார வைத்தார்கள். அவருடைய அறையில் பெரிய புத்தர் சிலையைக் கொண்டுபோய் வைத்தார்கள். பாவம், புத்தருக்கும் இந்த வம்புக்கும் என்ன சம்பந்தமோ!

நிறுவனத்தின் வாதம், 'இது மதமே இல்லை, சண்டை சச்சரவைத் தீர்க்கும் ஒரு உத்தி' என்பது. 2016-ல் நீதிபதி இதை ஏற்கவில்லை. கடவுள், ஆன்மா, தெய்வீகத் திட்டம், தேவதைகள் என்று பேசும் ஒன்றை, பெயரில் மதம் இல்லை என்பதற்காக மதம் இல்லை என்று சொல்ல முடியாது. சட்டத்தின் கண்ணில் இது மதம்தான் என்றார். 2018 ஏப்ரலில் புரூக்ளின் நீதிமன்றத்தில் ஜூரி, ஊழியர்களுக்கு மொத்தம் 51 லட்சம் டாலர் என்று தீர்ப்பு சொன்னது.

ஆனால் ஜூரி சொல்லும் தொகை எப்போதும் அப்படியே கைக்கு வந்துவிடாது. மன உளைச்சல் இழப்பீட்டுக்கும் தண்டனைத் தொகைக்கும் சேர்த்து மத்திய சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. 100 பேர் வரை உள்ள கம்பெனியில் ஒருவருக்கு 50,000 டாலர், 500 பேருக்கு மேல் இருந்தால் 3 லட்சம் டாலர். வர வேண்டிய பழைய சம்பள பாக்கி இந்தக் கணக்கில் வராது.

மயாமியில் இன்னொரு மருத்துவ நிறுவனம். முதுகெலும்பு சிகிச்சை கொடுக்கும் கிளினிக்குகளை நடத்தியது. அதன் ஊழியர்கள் சயின்டாலஜி வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டதாக இ.இ.ஓ.சி. வழக்கு போட்டது. ஆஷ்ட்ரேயைப் பார்த்து உரக்கக் கத்துவது, ஒருவரை அசையாமல் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பது போன்றவை அந்த வகுப்பின் பயிற்சிகளாம். 2013-ல் 1,70,000 டாலருக்கு சமரசம் ஆனது. ஆஷ்ட்ரேயைப் பார்த்துக் கத்துவதற்கும் முதுகுவலி பேஷன்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் போடுவதற்கும் என்ன தொடர்பு என்று அந்த ஊழியர்கள் யோசிக்காமலா இருந்திருப்பார்கள்? ஆனாலும் போனார்கள். மாதம் பிறந்தால் வாடகை கட்டணும்.

*யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால்...*

நீதிமன்றம் வரை வருவது கொஞ்சம்தான். பெரும்பாலான நம்பிக்கை சார்ந்த நிறுவனங்களில் யாரும் அட்டெண்டன்ஸ் எடுப்பதில்லை. 'விருப்பம் இருந்தால் வாங்க' என்றுதான் சொல்வார்கள். சிக்கல் அதன் பிறகு.

ஜெபக் குழுவில் எம்.டி. இருக்கிறார், ஹெச்.ஆர். இருக்கிறார், உங்கள் மேனேஜர் இருக்கிறார். அங்கே வழக்கமாகப் போகும் சக ஊழியருக்கு அவர்களோடு வாரம் ஒரு மணி நேரப் பழக்கம் கிடைக்கிறது. மகனின் ஸ்கூல் அட்மிஷன், அம்மாவின் ஆபரேஷன் எல்லாம் பேசப்படுகிறது. ஆறு மாதம் கழித்து அப்ரைசல். இருவருடைய வேலையும் ஒரே தரம் என்றால் யாருடைய முகம் மேனேஜருக்கு ஞாபகம் வரும்? இதை எந்த மின்னஞ்சலிலும் நிரூபிக்க முடியாது. சட்டத்தின் கை நீளாத இடம் இதுதான். ஊழியர்கள் அதிகம் புழுங்குவதும் இந்த இடத்தில்தான்.

கிளைக்குக் கிளை அனுபவம் மாறுவதற்கும் காரணம் உண்டு. சிக்-ஃபில்-ஏ போன்ற சங்கிலிகளில் பெரும்பாலான ஊழியர்களுக்குச் சம்பளம் தருவது தலைமை நிறுவனம் இல்லை. கடையை எடுத்து நடத்தும் ஆபரேட்டர்தான். ஒரு கிளையில் ஞாயிறு லீவைத் தவிர மதத்தின் வாடையே இருக்காது. அடுத்த ஊர்க் கிளையில் ஆபரேட்டரின் சுபாவமே ஆபீஸின் சுபாவம். இதே நிறுவனத்தின் மீது 2002-ல் ஹூஸ்டனில் ஒரு முஸ்லிம் மேலாளர் வழக்கு போட்டார். ஒரு பயிற்சி முகாமில் இயேசுவை நோக்கிய கூட்டு ஜெபத்தில் கலந்துகொள்ளாததால் மறுநாளே நீக்கப்பட்டதாகச் சொன்னார். வழக்கு வெளியே சமரசமாக முடிந்தது. என்ன விதிமுறை என்று வெளியிடப்படவில்லை.

*முதலாளியின் நம்பிக்கை, ஊழியரின் மருந்துச் சீட்டு*

பிரார்த்தனையோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. 2014-ல் ஹாபி லாபி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டில் 20 வகை கருத்தடை முறைகளையும் சேர்க்க வேண்டும் என்பது அரசின் விதி. அதில் நான்கு, கருவைக் கலைப்பதற்குச் சமம் என்று உரிமையாளர்கள் கருதினார்கள். நெருக்கமான சிலரின் கையில் பங்குகள் இருக்கும் இத்தகைய நிறுவனம், மத நம்பிக்கையின் பேரில் அந்த விதியிலிருந்து விலகலாம் என்றது நீதிமன்றம்.

நல்ல கூலி கொடுத்த அதே நம்பிக்கைதான் இங்கே காப்பீட்டையும் குறைத்தது. கடையில் கலர் பேப்பர் அடுக்கும் ஒரு பெண், ஞாயிறு லீவுக்கு நன்றி சொன்ன அதே வாயால் இதைப் பற்றிக் குறையும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

அதே நிறுவனம் எல்லா வழக்கிலும் ஜெயித்துவிடவும் இல்லை. இல்லினாய் மாநிலக் கிளை ஒன்றில் நீண்ட காலம் வேலை பார்த்த திருநங்கை ஒருவருக்குப் பெண்கள் கழிப்பறை பல வருஷம் மறுக்கப்பட்டது. 2021-ல் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊழியரின் பக்கம் தீர்ப்பளித்தது.

*அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் என்ன செய்யலாம்?*

எச்-1பி விசாவில் போனவர்களுக்கும் ஏழாவது தலைப்பின் பாதுகாப்பு உண்டு, குடியுரிமை தேவையில்லை. ஆனால் நடைமுறையில் அவர்களுக்குத்தான் வாய் திறப்பது கஷ்டம். வேலை போனால் வேறு ஸ்பான்ஸரைத் தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வீட்டு லீஸ், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த 60 நாளில் தொங்கும். 'கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்னுட்டுப் போயிடலாம், யாருக்கு நஷ்டம்' என்று ஒருவர் முடிவு செய்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

பேசத் துணிபவர்கள் முதலில் செய்ய வேண்டியது, விலக்கு கேட்பதை எழுத்தில் கேட்பது. நேரில் சொன்னாலும், 'இன்று பேசியபடி...' என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். நம்பிக்கையை விமர்சிக்க வேண்டாம். 'எனக்கு இதில் கலந்துகொள்ள இயலாது, அந்த நேரத்தில் வேலையைத் தொடர்கிறேன்' என்றால் போதும். அதன் பிறகு ஷிஃப்ட் மாறினாலோ சம்பளம் குறைந்தாலோ, தேதியோடு குறித்து வையுங்கள். கேட்டதற்காகப் பழிவாங்குவது தனிக் குற்றம். மூலக் குற்றச்சாட்டு நிற்காவிட்டாலும் பழிவாங்கல் புகார் நிற்கலாம். இ.இ.ஓ.சி.யில் புகார் கொடுக்க, சம்பவம் நடந்ததிலிருந்து 180 நாள் அவகாசம். மாநில அளவில் இதே வேலையைச் செய்யும் அமைப்பு இருந்தால் 300 நாள்.

இந்தியாவில் இதே பிரச்சினை வந்தால்? அரசியலமைப்பின் 15, 16-வது பிரிவுகள் மதப் பாகுபாட்டைத் தடுக்கின்றன. ஆனால் வேலைவாய்ப்பு விஷயத்தில் அவை கட்டுப்படுத்துவது முக்கியமாக அரசைத்தான். தனியார் கம்பெனியில் மதரீதியான பாகுபாட்டைத் தடுக்க, அமெரிக்காவின் ஏழாவது தலைப்பு மாதிரி ஒரு பொதுச் சட்டம் இங்கே இல்லை. ஆபீஸ் பூஜைக்கோ ஜெபத்துக்கோ வர மறுத்த ஒருவரின் இன்கிரிமென்ட் நின்றால், அவர் முதலில் போய் நிற்கக்கூடிய இடம் அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். டேபிள்தான்.